மட்சாவுக்கு 70 டிகிரி நீர்தான் வேண்டுமா? ‘செரிமோனியல்’ டப்பா அவசியமா?

வெந்நீர்க்காரன்:
ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளான மட்சா பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். நீர் 70 டிகிரியைத் தாண்டக் கூடாதாம், ‘செரிமோனியல் கிரேடு’, அதாவது ‘சடங்குத் தரம்’ என்று போட்டது தவிர மற்றதெல்லாம் கேக்கில் போடத்தான் லாயக்காம். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

முதலில் சூடு. இந்த விதி செஞ்சா, கியோகுரோ மாதிரி இலையை ஊறவைத்து வடித்துக் குடிக்கும் தேநீருக்கு உரியது. அங்கே நீர் சூடாக இருந்தால் கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டசின் என்ற பொருள் அதிகமாக இறங்கும், கசக்கும். ஆறிய நீரென்றால் அதில் பெரும்பகுதி இலையிலேயே தங்கிவிடும், இலையை எறிந்துவிடுவோம். மட்சாவில் எறிய என்ன இருக்கிறது? இலை முழுவதும் உள்ளே போகிறது. 2 கிராம் தூளை எந்தச் சூட்டில் கலக்கினாலும் அதிலுள்ள கேட்டசின் எல்லாம் நம் வயிற்றுக்குத்தான். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் ‘காமா’ என்ற இரும்புப் பானையில் நீர் கொதித்துக்கொண்டிருக்கும். வெப்பமானியோடு யாரும் உட்காருவதில்லை.

அடுத்து பெயர். ஜப்பானில் ‘செரிமோனியல்’ என்று சட்டம் வரையறுத்த தரம் எதுவும் கிடையாது. வெளிநாட்டு விற்பனையில் பரவிய சொல் அது. எந்தத் தூளின் டப்பாவிலும் யாரும் அச்சடித்துக்கொள்ளலாம்.

நிழல்தோட்டம்:
கணக்கு சரி, ஆனால் நாக்கு அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. வாயில் இருக்கும் சில நொடிகளில் நாக்கு உணர்வது நீரில் கரைந்து நிற்பதை மட்டும்தான். துகளுக்குள் கரையாமல் இருப்பது தொண்டையைத் தாண்டிப் போய்விடும். உமாமி என்ற சாறுபோன்ற ருசியைத் தரும் தியனின் என்ற அமினோ அமிலம் ஆறிய நீரிலும் எளிதாகக் கரையும், கேட்டசினோ சூடு ஏற ஏறத்தான் வேகமாகக் கரையும். அதனால்தான் அதே தூளைக் குளிர்ந்த நீரில் குலுக்கிக் குடித்தால் துவர்ப்பு அடங்கி இனிப்பு முன்னே வருகிறது. நீங்கள் சொல்வது முழுக்கச் சரி என்றால் இந்த வித்தியாசம் வரவே கூடாது.

காமாவில் நீர் கொதிக்கலாம். ஆனால் மூங்கில் அகப்பையில் மொண்டு கிண்ணத்தில் ஊற்றுவதற்குள் நன்றாகவே சூடு இறங்கிவிடும். கொதிக்கும் நீரைக் கெட்டிலிலிருந்து நேரே தூளின் மேல் ஊற்றுவது வேறு. வெப்பமானி இல்லாதவர்கள் கொதித்த நீரை ஒரு வெறும் கோப்பையில் ஊற்றி, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் போதும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறக்குறைய 8 முதல் 10 டிகிரி குறையும்.

பெயர் விஷயத்தில் நீங்கள் பாதி வழியில் நின்றுவிட்டீர்கள். சொல்லுக்குச் சட்டம் இல்லை என்பதால் தூளுக்குள் வேறுபாடு இல்லை என்று ஆகிவிடாது. அறுவடைக்கு முன் சுமார் 3 வாரம் அல்லது அதற்கு மேலும் செடிக்கு நிழல் போடுகிறார்கள். வெயில் பட்டால் இலையில் தியனின் குறைந்து கேட்டசின் கூடும், நிழல் அதைத் தடுக்கிறது. குறைந்த ஒளியில் பச்சையமும் கூடுகிறது. பறித்த இலையை ஆவியில் வேகவைத்து, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கினால் கிடைப்பது டென்ச்சா. அதை அரைத்தால்தான் மட்சா. நிழல் இல்லாமல் வளர்ந்து, சுருட்டி உலர்த்திய இலையைப் பொடித்தால் அது வெறும் பச்சைத் தேயிலைப் பொடி. அதையும் ‘மட்சா’ என்று விற்கிறார்கள், சண்டை போட வேண்டியது அங்கேதான்.

புதுத்துளிர்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். டப்பாவில் அந்தச் சொல்லை நம்ப முடியாது என்றால் வேறு எதைப் பார்த்து வாங்குவது?

நிழல்தோட்டம்:
விளைந்த ஊர், முதல் பறிப்பா இல்லையா, அரைத்த தேதி, மூலப்பொருள் பட்டியல். இந்த நான்கும் இல்லாத டப்பாவைத் தொடவேண்டாம். ஊர் என்றால் ‘ஜப்பான்’ என்று பொதுவாகப் போட்டிருப்பது போதாது. கியோட்டோவின் உஜி, ஐச்சியின் நிஷியோ, ஃபுகுவோகாவின் யாமே, ககோஷிமா என்று பெயர் இருக்க வேண்டும். முதல் பறிப்பு ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை பெரும்பாலும் நடக்கும். இரண்டாம் பறிப்பு இலையில் தியனின் குறைவு, துவர்ப்பு அதிகம். மூலப்பொருளில் சர்க்கரையோ பால்பவுடரோ முதலில் வந்தால் அது இனிப்புக் கலவை, மட்சா அல்ல.

டப்பாவைத் திறந்ததும் ஒரு சிட்டிகையை வெள்ளைத்தாளில் வைத்து விரலால் அழுத்தி இழுங்கள். நைஸாக அரைத்த தூள் இடைவெளி இல்லாத நீளக் கோடாகப் படியும். கரடான பொடி திட்டுத்திட்டாக உடையும். நிறம் தளிர்ப்பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சளோ காக்கியோ கலந்திருந்தால் பழையது, அல்லது வெயில் பட்ட இலை.

வெந்நீர்க்காரன்:
தாளில் தேய்க்கும் சோதனை அரைப்பின் நைஸைக் காட்டும், ருசியைக் காட்டாது. இயந்திர மில்லில் நைஸாக அரைத்த இரண்டாம் பறிப்பும் அழகாகக் கோடு போடும். அதேபோல ‘கல்லில் அரைத்தது’ என்ற வாசகத்துக்கும் தலையாட்ட வேண்டாம். ஒரு கருங்கல் திருகை மணிக்கு 30 – 40 கிராம்தான் தரும். சூடேறாமல் இருக்கத்தான் அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறார்கள். அந்த வேகத்தை வைத்துக்கொண்டு, கிலோக்கணக்கில் மலிவாகக் கிடைக்கும் பாக்கெட் எதில் அரைத்தது என்று யோசித்துப்பாருங்கள்.

சூட்டுக்கு வருவோம். குளிர்நீர் உதாரணத்தை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது 10 டிகிரிக்கும் 80 டிகிரிக்கும் உள்ள வேறுபாடு. இங்கே நாம் பேசுவது 70க்கும் 85க்கும் இடையில். 70 டிகிரி நீர் 70 மில்லியைக் கனமான, சில்லென்ற மண்கிண்ணத்தில் ஊற்றினால் அந்த நொடியே பல டிகிரி போய்விடும். கடைந்து முடிக்கும்போது வெதுவெதுப்புதான் மிச்சம். மணம் எழும்பாது, நுரையும் சோம்பும். 70 விதியைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைச் சூடாக்க மறக்கிறவர்கள் குடிப்பது உண்மையில் 55 டிகிரி மட்சா.

நிழல்தோட்டம்:
கிண்ணத்தைச் சூடாக்க வேண்டாம் என்று யார் சொன்னது? அதைச் செய்யத்தான் வேண்டும். சூடாக்கிய கிண்ணம், 75 – 80 டிகிரி நீர், இதில் எனக்கு மறுப்பில்லை. 95ஐத்தான் மறுக்கிறேன்.

சல்லடை:
நீங்கள் இருவரும் டிகிரிக்கு அடித்துக்கொள்கிறீர்கள். பாதிப் பேருடைய கோப்பை கெட்டுப்போவதற்குக் காரணம் கட்டி. மட்சாத் துகள் மிக நுண்ணியது, நிலைமின்னேற்றத்தாலும் ஈரத்தாலும் உருண்டுகொள்ளும். உருண்டையின் வெளிப்பக்கம் நனைந்து மூடிக்கொண்டால் உள்ளே தூள் காய்ந்தே கிடக்கும். எவ்வளவு கடைந்தாலும் உடையாது, கடைசி வாயில் கசப்பாக வெடிக்கும்.

உசுச்சாவுக்கு, அதாவது நீர்த்த மட்சாவுக்கு, நான் சொல்லும் முறை இது. சாசென் என்ற மூங்கில் கடைகோலை ஒரு நிமிடம் வெந்நீரில் நிறுத்துங்கள். காய்ந்த இழை விறைப்பாக இருக்கும், வளையாமல் ஒடியும். அதே வெந்நீரே கிண்ணத்தையும் சூடாக்கிவிடும். நீரைக் கொட்டி, கிண்ணத்தைத் துணியால் ஈரமே இல்லாமல் துடையுங்கள். இந்தத் துடைப்பைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், ஈரக் கிண்ணத்தில் சலித்த தூள் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். 2 கிராம் தூளை நைஸ் சல்லடையில் தேய்த்து இறக்குங்கள். 10 மில்லி நீர் விட்டுக் குழைத்து, பிறகு மீதி 60 மில்லியை ஊற்றுங்கள். மணிக்கட்டை மட்டும் ஆட்டி, முன்னும் பின்னும் வேகமாக, 15 – 20 நொடி. வட்டமாகச் சுற்றினால் நீர்தான் சுழலும், காற்று உள்ளே போகாது. இழை நுனி அடியை உரசக் கூடாது. கடைசியில் கோலை மேலே உயர்த்தி நுரையின் மேற்பரப்பில் மெதுவாக ஓட்டினால் பெரிய குமிழ்கள் உடையும்.

கொய்ச்சா, அதாவது கெட்டியான மட்சா, வேறு கதை. ஒருவருக்கு 4 கிராம், நீர் 30 – 40 மில்லி, நுரையே கூடாது, மெதுவாகப் பிசைவதுபோலக் குழைக்க வேண்டும். அதற்குச் சாதாரணத் தூளை எடுத்தால் வாயில் வைக்க முடியாது. இரண்டு மடங்கு தூள், பாதி நீர், ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

வெந்நீர்க்காரன்:
பேட்டரியில் ஓடி நுரை எழுப்பும் ஃபிராதர் இருக்கும்போது சாசென் எதற்கு?

சல்லடை:
சலித்த தூள் என்றால் ஃபிராதர் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அகலக் கிண்ணத்தில் 70 மில்லிக்குள் விட்டால் சுவரெல்லாம் தெறிக்கும். உயரமான, குறுகலான கோப்பை வேண்டும். குமிழ் பெரிதாக வரும், சீக்கிரம் அடங்கும். சாசென் 80, 100 இழை என்று வரும். இழை கூடக் கூட நுரை எளிது, ஆயுள் குறைவு. சோப்பு போடாதீர்கள், வெந்நீரில் அலசி, காற்றோட்டமாக உலரவிடுங்கள். ஈரத்தோடு அதன் பிளாஸ்டிக் டப்பாவில் மூடினால் பூஞ்சை.

அப்புறம், நுரையைத் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உரசென்கே மரபில் மேற்பரப்பு முழுக்க நுரை நிற்கும். ஒமோதெசென்கே மரபில் ஒரு பகுதியை நுரையில்லாமலே விடுவார்கள். இரண்டும் ஜப்பானின் பழம்பெரும் தேநீர் மரபுகள்தான்.

பால்கோப்பை:
நீங்கள் யாரும் பால் பக்கம் வரவில்லை, பெரும்பாலோர் குடிப்பதோ பால் கலந்த லாட்டேதான். அதற்கு உயர்ந்த தூள் வீண். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கேட்டசினைப் பிடித்துத் துவர்ப்பை மழுக்கும், கூடவே மென்மையான மணத்தையும் மறைத்துவிடும். கொஞ்சம் கசப்பு மிஞ்சிய தூள்தான் 150 – 200 மில்லி பாலுக்குள்ளும் தலைகாட்டும். 3 கிராம் தூள், 40 மில்லி வெந்நீரில் கடைந்து, பிறகு பால். தூளை நேரே குளிர்ந்த பாலில் போட்டால் மிதக்கும், கட்டி தட்டும்.

நிழல்தோட்டம்:
லாட்டேக்கு இரண்டாம் பறிப்பு போதும், சரி. காக்கி நிறத் தூள் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆக்சிஜன் தின்ற தூளில் வைக்கோல் வாடை வரும், அதைப் பாலும் மறைக்காது.

புதுத்துளிர்:
இரவில் குடிக்கலாமா? ‘தியனின் இருப்பதால் தூக்கம் கெடாது’ என்று பார்த்தேன்.

பால்கோப்பை:
அதை நம்பி இரவில் குடிக்காதீர்கள். ஜப்பானின் உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் மட்சாவில் காஃபின் 3.2 கிராம். உங்கள் 2 கிராமில் 64 மில்லிகிராம், லாட்டேயின் 3 கிராமில் 96. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் கே அளவையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள், இலையை முழுதாக விழுங்குகிறோம் என்பதால். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கவேண்டாம்.

வெந்நீர்க்காரன்:
டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லும் ஆலோசனையும் பாதி தவறு. திறக்காத டப்பாவுக்கு அது நல்லது. தினமும் திறப்பதைச் சில்லென்று எடுத்து உடனே திறந்தால் காற்றின் ஈரம் தூளில் படியும், பக்கத்திலிருக்கும் வெங்காய வாடையும் ஏறும்.

நிழல்தோட்டம்:
இதில் உடன்படுகிறேன். சிறிய டப்பாவாக, 20 – 30 கிராம் வாங்கி, ஒரு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. ஃபிரிட்ஜில் வைத்தே ஆகவேண்டும் என்றால் மூடியோடு அறைச்சூட்டுக்கு வரவிட்டுத் திறக்கலாம்.

சூட்டுச் சண்டைக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒரே டப்பா, இரண்டு கிண்ணத்திலும் 2 கிராம், 70 மில்லி. ஒன்று 95, ஒன்று 75. எது எது என்று குடிப்பவருக்குத் தெரியக் கூடாது.

வெந்நீர்க்காரன்:
ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. இரண்டும் ஒரே சூட்டுக்கு ஆறிய பிறகுதான் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கு சுடுவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சல்லடை:
ஆறும்வரை வைத்தால் தூள் அடியில் படியும். குடிப்பதற்கு முன் இரண்டையும் மறுபடி கடையுங்கள். நீரும் மென்னீராக இருக்கட்டும், கடினநீரில் மேலே ஏடு படிந்து இரண்டு கோப்பையும் ஒன்றுபோல மங்கிவிடும்.