அகலமான க்யூஆர்எஸ், வேகம் 170, ஆனாலும் பேஷண்ட் பேசுகிறார்: விடியா, எஸ்விடியா?

இரவுப்பணி:
மானிட்டரில் க்யூஆர்எஸ் (ஈசிஜியில் இதயக் கீழறைத் துடிப்பைக் காட்டும் கூரான அலை) அகலமாக, சீராக ஓடுகிறது. பிபி 110/70, நினைவு தெளிவு. பிபி நன்றாக இருந்தால் விடி (கீழறையில் பிறக்கும் அதிவேகத் துடிப்பு) இல்லை, எஸ்விடி (கீழறைக்கு மேலே பிறப்பது) என்கிறார்கள். நம்பலாமா?

லீட்_டூ:
நம்பாதீர்கள். பிபி எவ்வளவு தாங்கும் என்பது வேகத்தையும் இதயத்தின் பம்ப் திறனையும் பொறுத்தது; விடியிலும் மணிக்கணக்கில் தாங்கலாம். க்யூஆர்எஸ் 0.12 நொடிக்கு மேல் (தாளில் மூன்று சின்னக் கட்டம்), வேகம் 100-க்கு மேல் என்றால், வேறு என்று நிரூபணம் ஆகும்வரை விடிதான். பழைய மாரடைப்பு இருந்தால் இன்னும் உறுதி.

உடனே 12 லீட் ஈசிஜி எடுங்கள். பி அலைகள் (மேலறைத் துடிப்பு) க்யூஆர்எஸ்ஸோடு சேராமல் தன்போக்கில் வருகின்றனவா, நடுவே ஒரு குறுகலான துடிப்பு புகுந்திருக்கிறதா, வி1 முதல் வி6 வரை (நெஞ்சில் ஒட்டும் லீட்கள்) எல்லாம் ஒரே திசையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் விடி. இவை இல்லை என்பதற்காக விடி இல்லை என்று ஆகிவிடாது. பலரும் சறுக்குவது இங்கேதான். எஸ்விடி என்று நினைத்து, அதற்குத் தரும் வெராபமில் மருந்தைப் போட்டால் பிபி சரிந்து இதயம் நின்றே போகலாம்.

தாளும்_அலையும்:
அதற்கும் முன்னால் பல்ஸைத் தொட்டுப் பாருங்கள். பல் தேய்த்தாலும், கை நடுங்கினாலும் மானிட்டர் விடி மாதிரியே காட்டும். ஆக்சிஜன் ப்ரோபின் அலை நிமிடத்துக்கு 80 என்று நிதானமாக ஓடி, குழப்பமான கோட்டுக்குள் கூரான க்யூஆர்எஸ் அதே இடைவெளியில் தெரிந்தால் அது வெறும் அசைவு.

இரவுப்பணி:
அடினோசின் (எஸ்விடியை நிறுத்தத் தரும் ஊசி மருந்து) கொடுத்துப் பார்க்கலாமா?

லீட்_டூ:
சீராக, ஒரே வடிவில் இருந்தால் மட்டும், ஷாக் பேட் ஒட்டிய பிறகு. ஒழுங்கில்லாமல், அகலமாக, 200-க்கு மேல் ஓடினால் வேண்டவே வேண்டாம்: டபிள்யூபிடபிள்யூ (மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே பிறவியிலேயே ஒரு கூடுதல் மின்பாதை) உள்ளவருக்கு வந்த ஏஎஃப்பாக (மேலறை ஒழுங்கின்றித் துடிப்பது) இருந்தால் விஎஃப்பில் (கீழறை வெறுமனே நடுங்கி, பல்ஸ் நின்றுபோவது) போய் முடியலாம்.

பிபி சரிந்தாலோ, நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலோ மருந்தைத் தேடாமல் சின்க் ஷாக் (க்யூஆர்எஸ்ஸோடு நேரம் பொருத்திக் கொடுப்பது), 100 ஜூல். ஒவ்வொரு க்யூஆர்எஸ் மேலும் சின்க் குறி விழுகிறதா பாருங்கள். ஷாக் பாயும்வரை பட்டனை விடாதீர்கள். பல மெஷின்களில் ஒரு ஷாக்குக்குப் பிறகு சின்க் தானாக அணைந்துவிடும், மறுபடி போட வேண்டும். பல்ஸே இல்லையென்றால் சின்க் இல்லாமல் ஷாக், உடனே சிபிஆர்.

தாளும்_அலையும்:
அலைகள் கோட்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு பெரிதும் சிறிதுமாக மாறினால் டோர்சாட் (க்யூடி, அதாவது க்யூஆர்எஸ் தொடக்கம் முதல் டி அலை முடிவு வரையிலான நேரம், நீண்டிருக்கும்போது வரும் ஒருவகை விடி). பல்ஸ் இருந்தால் மெக்னீசியம் 2 கிராம் நரம்பில். விடிக்கு வழக்கமாகத் தரும் அமியோடரோன் மருந்து இங்கே கூடாது, க்யூடியை இன்னும் நீட்டும்.