சாப்பிட்ட பின் 148, வெறும் வயிற்றில் 88: எதை நம்புவது?

கேள்வி (மதுரை வாசகர்):
என் மனைவிக்கு இது 25ஆவது வாரம். சென்ற வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்ததாக அவர் சொல்லியும், குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். 148 வந்ததால் கர்ப்பகால நீரிழிவு என்று அட்டையில் குறித்துவிட்டார்கள். மறுநாள் தனியார் ஆய்வகத்தில் வெறும் வயிற்றில் பார்த்தபோது 88தான் இருந்தது. மூன்றாம் மாதத்தில் எடுத்த சோதனையிலும் குறை எதுவும் இல்லை. அப்படியிருக்க, சாப்பிட்ட பின் எடுத்த இந்தச் சோதனையைக் கணக்கில் கொள்ள வேண்டுமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற செவிலியர்):
கொள்ளத்தான் வேண்டும், தம்பி. 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதைப் பொருட்படுத்தாமல், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் முறை அது. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்பது தேசிய வழிகாட்டுதல். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையா முன்னின்று வகுத்த இம்முறையைத் தமிழ்நாடு 2007லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கொண்டுவந்தது. பேருந்து பிடித்து வரும் பெண்ணைப் பட்டினியாக வரச் சொன்னால், பாதிப் பேர் வரவே மாட்டார்கள். மூன்றாம் மாதத்தில் சரியாக இருந்ததும் வியப்பில்லை. நஞ்சுக்கொடி வளர வளர அது சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால்தான், முதல் சோதனை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பார்க்கச் சொல்கிறார்கள்.

பதில் 2 (ஆய்வக நுட்பநர்):
அம்மா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்ற அளவுகோலின்படி, வெறும் வயிற்றில் 92, குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டினாலே நீரிழிவுதான். தங்கள் மனைவியின் 148, இரு அளவுகோல்களுக்கும் இடைப்பட்ட இடத்தில் நிற்கிறது. சாப்பிட்டபின் செய்யும் சோதனை சிலரைத் தவறவிடுகிறது என்று வாதிடும் மருத்துவர்களும் உண்டு. ஆனால் வெறும் வயிற்று அளவு ஒன்றை மட்டும் காட்டி 148ஐத் தள்ளிவிட எந்த அளவுகோலிலும் இடமில்லை. பலருக்கு உணவுக்குப் பின்தான் சர்க்கரை ஏறுகிறது. ஐயம் தீரவில்லையென்றால், மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு மூன்று முறை இரத்தம் எடுக்கும் முழுச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். அதுவரை உணவுக் கட்டுப்பாட்டை நிறுத்த வேண்டாம்.

பதில் 3 (இரு குழந்தைகளின் தாய்):
எனக்கும் இதே நிலைதான். கையில் ஒரு உணவுப் பட்டியலைக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120க்குக் கீழே இருந்ததால் மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படவில்லை. எண்ணிக்கையைக் குறைத்த இட்லியோடு அவித்த முட்டை, மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல், அவ்வளவுதான். "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்ற மாமியாரைச் சமாளிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. தாயின் சர்க்கரை கூடினால் குழந்தையின் கணையமும் கூடுதல் இன்சுலினைச் சுரந்து பழகிவிடும். தொப்புள்கொடியை வெட்டியபின் தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுவிட, குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம் என்பதால், பிறந்த உடனே குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். பிரசவமாகி ஆறு வாரத்தில் தாய்க்கு மறுபடி ஒரு சோதனை உண்டு. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் நாளிலேயே அதையும் முடித்துவிடுங்கள்.