கியர்பாக்ஸ் வேலைக்கு 20க்கு 30 அடிக் கடையை எப்படிப் பிரிப்பது? உதவி வேண்டும்

காக்கிபுக்கிட்_தம்பி:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் 20க்கு 30 அடி யூனிட், வண்டியைத் தூக்கும் ஹாய்ஸ்ட் ஒன்றே ஒன்று. இதுவரை பிரேக், சஸ்பென்ஷன் வேலைதான் பார்த்தோம். சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் பத்து வருடம் தாண்டிய வண்டிகள் இப்போது நிறைய வருவதால், கியர்பாக்ஸையும் வெளியே கொடுக்காமல் நாங்களே பிரிக்க ஆரம்பித்தோம். மூன்று முடித்ததில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. பழைய டொயோட்டா ஆல்ட்டிஸ் கார், 4 கியர் ஆட்டோமேட்டிக். 2லிருந்து 3க்கு மாறும்போது ஆர்பிஎம் விர்ரென்று ஏறுகிறது, ஒரு நொடி வண்டி இழுக்காமல் நிற்கிறது, அப்புறம் டக்கென்று பிடிக்கிறது. கிளட்ச் பிளேட் எல்லாம் புதுசு. ஆயில் அளவும் சரி.

இடப்பக்கச் சுவரில் ஒரு மேசை, அதன் மேல் இறுக்கிப் பிடிக்கும் வைஸும் இரும்பு தேய்க்கும் கிரைண்டரும். பிரிப்பது, கழுவுவது, மாட்டுவது எல்லாம் அதில்தான். பெரிய மேசையாக வாங்கினால் சரியாகுமா? பாஸ் 2,000 வெள்ளிக்கு மேல் தரமாட்டார்.

பழைய_பாக்ஸ்காரன்:
தம்பி, மேசையை விடுங்கள். கிரைண்டர் இருக்கும் மேசையில் வால்வு பாடியை, அதாவது எண்ணெயைத் திருப்பிவிட்டு கியர் மாற்றும் பகுதியை, திறந்தீர்களா? முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஒவ்வொரு வால்வையும் சாய்த்தால், தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது. எல்லாம் இறங்கினால், மின்சாரத்தில் எண்ணெய் வழியைத் திறந்து மூடும் சொலினாய்டைப் பாருங்கள். கையை எதில் துடைக்கிறீர்கள்?

காக்கிபுக்கிட்_தம்பி:
பனியன் வேஸ்ட் துணியில்தான் அண்ணே.

பழைய_பாக்ஸ்காரன்:
நினைத்தேன்.

உபி_ஆயில்கை:
ஒரு மூலையைக் கண்ணாடி வைத்து அடைத்து ஏர்கான் போட்டுவிடுங்கள். எங்கள் கடையில் அப்படித்தான், தூசி வராது.

பழைய_பாக்ஸ்காரன்:
அடைத்த அறைக்குள் பிரேக் கிளீனர் அடித்தால் ஆவி அங்கேயே நிற்கும், ஒரு பொறி போதும். அறை கட்டினாலும் கழுவும் வேலை வெளியேதான். 2,000 வெள்ளிக்கு அறை வராது. இடத்தை மாற்றினாலே பாதி வேலை முடியும்.

கிரைண்டர், வைஸ், கழுவும் தொட்டி மூன்றும் ஷட்டர் பக்கம், ஆனால் கிரைண்டர் ஒரு ஓரம், தொட்டி பொறி படாத மறு ஓரம். அடுத்து ஹாய்ஸ்ட். ஹாய்ஸ்டிலிருந்து தொட்டி வரை, பாக்ஸைத் தாங்கும் டிரான்ஸ்மிஷன் ஜாக் தடையில்லாமல் உருள வேண்டும். பாக்ஸ் கையில் தூக்கும் எடை இல்லை. ஷட்டருக்கு எதிர்க்கோடியில் மாட்டும் மேசை, மேலே இரும்புத் தகடு, விளிம்பு உயர்த்தியது. செக் பால் (வால்வு பாடிக்குள் இருக்கும் குட்டிக் குண்டு) விழுந்தால் உருண்டு தரைக்குப் போகக்கூடாது. அந்தக் குண்டை அதன் குழியில் நிறுத்த வாசலின் போதும், கிரீஸ் வேண்டாம். கழுவாத பொருள் எதுவும் அந்த மேசைக்கு வரக்கூடாது, பாஸ் கொண்டுவந்தாலும் சரி. துடைக்கப் பஞ்சு உதிராத பேப்பர் வாங்குங்கள்.

இங்கே இன்னொரு எதிரி ஈரம். கம்ப்ரசர் லைனில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இல்லாமல் வால்வு பாடிக்குக் காற்று அடிக்காதீர்கள். புதுப் பிளேட்டில் ஒட்டியிருப்பது காகிதம் மாதிரிப் பொருள், தண்ணீர் குடித்தால் பசை விட்டுவிடும். மாட்டும் நாள் வரை பையைத் திறக்க வேண்டாம். மாட்டுவதற்கு முன் அரை மணி நேரமாவது ஏடிஎஃபில் (ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயில்) ஊறட்டும்.

தோவாபாயோ_ராத்திரி:
வடித்த ஏடிஎஃபை மறந்துவிடாதீர்கள். கழிவுநீர்க் குழியில் ஊற்றினால் அபராதம் வரும். மூடி போட்ட டிரம்மில் சேர்த்து, கீழே தட்டு வைத்து, என்இஏ (தேசியச் சுற்றுப்புற வாரியம்) உரிமம் உள்ளவரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். டிரம்மை ஹாய்ஸ்ட் பக்கத்திலேயே வைத்தால் வாளியோடு கடை முழுக்க நடக்க வேண்டாம். தரையில் சொட்டும் எண்ணெயில் ஒருமுறை வழுக்கி முட்டியை உடைத்துக்கொண்டவன் சொல்கிறேன்.

காக்கிபுக்கிட்_தம்பி:
அண்ணே, திறந்தேன். ஒரு வால்வு பாதியில் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரத்தில் வெள்ளை நூல், அரை விரல் நீளம்கூட இருக்காது. சாமணத்தால் இழுத்ததும் வால்வு சர்ரென்று இறங்கியது. பனியன் நூல். இதற்காகவா இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்!

பழைய_பாக்ஸ்காரன்:
நல்லது. ஒரு நூல் இருந்தால் இன்னொன்றும் இருக்கும், எல்லா வால்வையும் கழுவுங்கள். மறுபடி ஏற்றும்போது அவசரம் வேண்டாம். பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டி நின்றதும், போல்ட்டை இறுக்கும் முன், எஞ்சின் விசையை பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும், முன்னால் சின்ன இடைவெளியும் இருக்க வேண்டும். இறுகிப்போய் இருந்தால் பாக்ஸின் ஆயில் பம்புக்குள் முழுசாக உட்காரவில்லை. போல்ட் போட்டு இழுத்தால் பம்பு போச்சு.

காக்கிபுக்கிட்_தம்பி:
ஏற்றியாச்சு. பிஐஇ விரைவுச்சாலையில் ஒரு சுற்று போய் வந்தேன், 3வது கியர் மெத்தென்று விழுகிறது. கிரைண்டரும் தொட்டியும் ஷட்டர் பக்கம் போய்விட்டன. ஜாக்கும் தகடு போட்ட மேசையும் பழையதாகவே கிடைத்தன, பாஸ் கொடுத்த காசில் மிச்சம்கூட இருக்கிறது. ஒரே சிக்கல், பாஸ் அந்தப் புது மேசையில்தான் கோப்பிக் குவளையைக் கொண்டுவந்து வைக்கிறார்.

தோவாபாயோ_ராத்திரி:
மிச்சக் காசில் வாசல் பக்கம் அவருக்கு ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். கிரைண்டருக்குப் பக்கத்தில் வேண்டாம்.