மறு: மாவுக்கட்டு பிரித்தபின் நீளாத தசைக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்,

மாவுக்கட்டில் மடங்கியே இருந்து, பிரித்தபின்னும் நீளாத தசையின் நிலைக்கு (ஆங்கிலத்தில் contracture) இங்கே முன்வைத்த ‘முடக்கச் சுருக்கம்’ என்ற பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. முடக்கம் என்றாலே முடக்குவாதம் நினைவுக்கு வருகிறது, சரி, அதைக்கூட விட்டுவிடலாம்; சிக்கல் ‘சுருக்க’த்தில்தான். தசை வேலை செய்யும்போது சுருங்கும், முடிந்ததும் தளரும், அதைத்தான் பள்ளிப் பாடத்திலிருந்தே சுருக்கம் என்கிறோம். வாரக்கணக்கில் மடங்கியபடி கட்டிவைத்த தசைக்கு நேர்வது வேறு, அதன் நீளமே குறைந்துவிடுகிறது. 1972இல் தபாரி என்ற ஆய்வாளரின் குழுவினர் பூனையின் கெண்டைக்கால் தசையைக் குறுகிய நிலையில் 4 வாரம் மாவுக்கட்டில் வைத்துப் பார்த்தபோது, தசைநாரில் வரிசையாகக் கோத்திருக்கும் சார்கோமியர்களில் (தசையைச் சுருங்கவைக்கும் நுண்ணிய அலகுகள்) சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தன. கூடவே இணைப்புத்திசுவின் பங்கு கூடித் தசை விறைக்கிறது. கொஞ்சம் இழுத்தாலே எல்லை வந்துவிடும், வழக்கத்தைவிடக் குறைந்த விசையிலேயே கிழியும்.

ஆந்திராவின் நகரியில் என் சித்தப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். முழங்கை 6 வாரம் மடங்கியே கட்டுக்குள் இருந்தது, பிரித்ததும் நீளவில்லை. பயிற்சித் தாளில் தெலுங்கில் ‘சங்கோசம்’ என்று போட்டிருந்தார்கள், அவருக்குத் தெரிந்தவரை அந்தச் சொல்லுக்குக் கூச்சம் என்றுதான் பொருள். தமிழில் சுருக்கம் என்றதும், ‘சுருங்கித்தானே இருக்கு, இழுத்தா சரியாயிடும்’ என்று என் தம்பியை மணிக்கட்டைப் பிடித்து இழுக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் மேல்கை கருநீலமாக வீங்கிக் கிடந்தது. துணிச் சுருக்கம் இழுத்தால் போகும், அவர் அறிந்த சுருக்கம் அதுதான்.

அப்புறம் நான், தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவை வைத்து, ‘பாவு நீளம் குறைஞ்சுபோச்சு சித்தப்பா’ என்றேன். சட்டெனப் புரிந்துகொண்டார். குறைந்த பாவை யாரும் இழுத்து நீட்டமாட்டார்கள், நூல் முடிந்து சேர்ப்பார்கள். அந்தப் பூனைகளுக்கும் கட்டு பிரித்த 4 வாரத்தில் சார்கோமியர்கள் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிட்டன.

எனவே ‘குறுக்கம்’ என்கிறேன். இலக்கணம் சொல்லும் மகரக்குறுக்கத்தில் ‘ம்’ என்ற எழுத்தின் ஒலி, தான் நிற்கும் இடத்தால் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகிறது; தசையும் வைக்கப்பட்ட நிலையால்தான் அளவு குறைகிறது, இதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறு கிடைக்கவில்லை. பொதுப்பெயர் தசைக்குறுக்கம், பக்கவாதத்தில் படுத்திருப்பவருக்கு வருவதையும் அது தாங்கும். கட்டால் வந்தது கட்டுக்குறுக்கம். புத்தூர்க் கட்டுக்குப் பேர்போன பக்கம் இது, கட்டு என்றால் இங்கே யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

தசையோடு மூட்டுறையும் (மூட்டைச் சுற்றியுள்ள உறை) சேர்ந்து இறுகுவதை ‘மூட்டிறுக்கம்’ என்று தனியே வைக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள், தமிழ்ப் பயிற்சித் தாளை அடுத்த வாரம் அச்சுக்குக் கொடுக்கிறேன்.