தண்ணீரில் நிற்கும் காந்தத் துகள் பஃபரில் ஏன் படிகிறது?

கரித்தூள் (கேள்வி):
வணக்கம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக் கடைசி வருடம். இரும்பு ஆக்சைடு நானோ துகள் செய்து, மாறுமின் காந்தப்புலத்தில் எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பதுதான் ப்ராஜெக்ட் (புற்றுக்கட்டியைச் சூட்டால் அழிக்கும் சிகிச்சைக்காக). பெர்ரிக் குளோரைடு இரண்டு பங்கு, பெர்ரஸ் ஒரு பங்கு, 80 டிகிரி. அமோனியா விட்டதுமே மை மாதிரி கறுத்துவிட்டது. மேலே சிட்ரிக் அமிலம் பூசினேன். காய்ச்சி வடித்த நீரில் ஒரு வாரமாக அப்படியே நிற்கிறது. செல்லில் போடலாம் என்று பிபிஎஸ் பஃபரில் (செல்லுக்கு ஏற்ற, பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) கலந்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் டியூபின் அடியில் கறுப்பு வண்டல், மேலே தெளிந்த தண்ணீர்!

இன்னொன்று. அந்தப் புலத்தை உண்டாக்கும் காயிலுக்குள் வைத்தால் 10 நிமிடத்தில் 30 டிகிரி 46 ஆகிறது. கைடு "போதும், எழுதிவிடு" என்கிறார். எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை.

பழைய காயில்:
மனசு ஒப்பாதது நல்லது. முதலில் வண்டல். சிட்ரேட் பூசிய துகள்கள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே வகை மின்சுமை, நெகட்டிவ். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் தண்ணீரில் நிற்கின்றன. உப்பு போட்டால் அயனிகள் நடுவில் புகுந்து அந்தச் சுமையை மறைத்துவிடும். அப்புறம் கிட்டே வந்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். பிபிஎஸ்ஸில் பாஸ்பேட் வேறு இருக்கிறது. அது இரும்பு ஆக்சைடை விடாமல் பிடிக்கும், சிட்ரேட்டையே கழற்றிவிடலாம். எது காரணம் என்று தெரிய, அதே செறிவில் வெறும் உப்புநீரில் ஒரு டியூப் போடுங்கள்.

டெக்ஸ்ட்ரான் போல நீள இழைப் பாலிமர் பூசினால் இழைகளே முட்டுக்கட்டையாக நிற்கும், உப்புக்கு அசையாது. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெருமாக்ஸிடால் ஊசிகூட, சர்க்கரைப் பாலிமர் உறை போட்ட இரும்பு ஆக்சைடுதான்.

சூடு விஷயம். வெறும் தண்ணீர் வைத்துப் பார்த்தீர்களா? நான் முனைவர் பட்டத்தின் முதல் வருடத்தில் 9 டிகிரி ஏறியதென்று குதித்தேன். சீனியர் ஒருவர் ஒன்றும் பேசாமல் தண்ணீர் டியூபை எடுத்து உள்ளே வைத்தார். 7 டிகிரி ஏறியது. சூடானது என் துகள் இல்லை, காயிலின் செப்புக் குழாய். மறுநாள் டியூபைச் சுற்றித் தெர்மோகோல் வைத்தேன், காயிலுக்குள் ஓடும் குளிர்நீரையும் சரிபார்த்தேன்.

எதில் வெப்பநிலை எடுக்கிறீர்கள்? உலோகத் தெர்மோகப்பிள் என்றால் அந்தப் புலத்தில் அதுவே சூடாகும். ஃபைபர் ஆப்டிக் வேண்டும். கடைசி வெப்பநிலையை எழுதாமல், ஆரம்பத்தில் வெப்பநிலை ஏறும் வேகத்தை எடுங்கள். ஒரு கிராம் பொடிக்கு இல்லை, ஒரு கிராம் இரும்புக்குக் கணக்குப் போடுங்கள். பொடியில் பாதி பூச்சாகவும் இருக்கலாம்.

புலத்தின் வலிமையையும் அதிர்வெண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். 300 கிலோஹெர்ட்ஸ், மீட்டருக்கு 15 கிலோஆம்பியர் என்றால் பெருக்குத்தொகை 4.5 × 10⁹. மனித உடலுக்கு வழக்கமாகச் சொல்லும் 4.85 × 10⁸ வரம்பைப் போல் ஒன்பது மடங்கு. உடலின் நடுப்பகுதி முழுவதையும் சுற்றிய காயிலில் கிடைத்த எண் அது, சின்ன இடமென்றால் கொஞ்சம் தளர்த்தலாம். ஆனால் கேள்வி வரும்.

சந்தேகப் பேர்வழி:
இதெல்லாம் நிஜ நோயாளிக்குப் போயிருக்கிறதா, இல்லை பேப்பரோடு சரியா?

பழைய காயில்:
போயிருக்கிறது. பெர்லினில் ஆண்ட்ரியாஸ் யோர்டான் குழு வளர்த்த முறைக்கு 2010-இல் மூளைக்கட்டிக்காக ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. துகளை ரத்தத்தில் விடவில்லை, கட்டிக்குள்ளேயே ஊசியால் இறக்கி 100 கிலோஹெர்ட்ஸ் புலத்தில் வைத்தார்கள். பல் அடைப்பில் உலோகம் இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் அந்த இடத்தை எம்ஆர்ஐயில் பார்க்க முடியாது, இரும்பு படத்தையே கெடுத்துவிடும். சிடி ஸ்கேன்தான்.

ஆய்வகத் தம்பி:
சூடெல்லாம் எனக்குத் தெரியாது. கொரோனா சமயத்தில் ஆர்என்ஏ பிரிக்க நாள் முழுக்கக் காந்த மணிகளோடுதான் இருந்தேன். ரேக்கில் வைத்தால் சுவரோரம் பழுப்புக் கோடு, எடுத்துக் கலக்கினால் மறுபடி கலங்கல். காந்தத்தை எடுத்ததும் காந்தத்தன்மை போய்விட வேண்டும், இல்லையென்றால் கட்டி கட்டியாக நிற்கும். மணி மைக்ரான் அளவுதான், உள்ளே இருக்கும் இரும்பு ஆக்சைடு நானோ.

கரித்தூள்:
இன்று தண்ணீர் டியூப் வைத்தேன். 30-லிருந்து 41. வெறும் உப்புநீரிலும் அதே வண்டல். டெக்ஸ்ட்ரான் ஆர்டர் போட்டுவிட்டேன். கைடிடம் இன்னும் சொல்லவில்லை, திங்கட்கிழமைதான்.