40 வயதுக்கு முன்பே பீரியட்ஸ் நின்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எனக்கு 33 வயதில் மாதவிலக்கு தள்ளித்தள்ளி வந்து, பிறகு மாதக்கணக்கில் காணோம். டென்ஷனைக் குறை, சரியாகிவிடும் என்றார்கள். ராத்திரி திடீரென்று கழுத்திலிருந்து சூடு ஏறி நைட்டி தொப்பலாக நனையும், அதுவும் டென்ஷனா? ஒருவழியாக ரத்தப் பரிசோதனை எடுத்தால் எஃப்.எஸ்.ஹெச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) 60-க்கு மேல். நான்கு மாதமாக விலக்கு ஒழுங்காக வராமல், இது 25-ஐத் தாண்டினாலே சினைப்பைச் செயல்குறைவு என்று பார்ப்பார்களாம்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை, குழந்தை. தானமாகப் பெறும் கருமுட்டை பற்றிப் பேசி முடித்ததும் வைத்தியமும் முடிந்த மாதிரி ஆகிவிட்டது. எலும்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வேறொரு மருத்துவர்தான் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடுப்பெலும்பில் அடர்த்தி குறைந்திருந்தது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் வருடக்கணக்கில் விட்டால் எலும்பு, இதயம் இரண்டுக்குமே ஆபத்து. இப்போது ஈஸ்ட்ரோஜன் பேட்ச், கருப்பையின் உள்சுவர் தடிக்காமலிருக்க புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை. பேட்ச் ஒட்டிய இடம் அரிக்கிறது, இடம் மாற்றி மாற்றி ஒட்டுகிறேன். ஏறக்குறைய 50 வயது வரை தொடர வேண்டும். ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு: அந்தப் பயத்தைக் கிளப்பிய 2002 ஆய்வு 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்தது. நமக்குக் கொடுப்பது, இந்த வயதில் உடம்பே சுரந்திருக்க வேண்டியதை.

பதில்:
அக்கா, எனக்கு நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கீமோ கொடுத்த பிறகு நின்றது. எனக்குக் காரணமாவது தெரியும், பலருக்கு அதுவும் தெரிவதில்லை. ஒன்று சொல்லணும். இது மெனோபாஸ் மாதிரி ஒரேயடியாக அடங்குவதில்லை. எப்போதாவது கருமுட்டை வெளியாகும். நூற்றுக்கு ஐந்து பேர் வாக்கில் தானாகவே கருத்தரிக்கிறார்கள். குழந்தை வேண்டாம் என்றிருப்பவர்கள், ஹார்மோன் மாத்திரைதான் சாப்பிடுகிறோமே என்று அசால்ட்டாக இருக்காதீர்கள். அது கருத்தடை மாத்திரை இல்லை.

பதில்:
எனக்குக் காரணம் எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் என்று வந்தது. அதனால் தங்கையையும் சோதிக்கச் சொன்னார்கள். அவளுக்கு இன்னும் விலக்கு ஒழுங்காக வருகிறது, கருமுட்டையை உறையவைக்கலாமா என்று இப்போதே யோசிக்க முடிகிறது. இந்த மாற்றம் பிள்ளைகளுக்குப் போனால் அறிவுத்திறன் குறைபாடு வரக்கூடும் என்பதால் அவளுக்கு இது தெரிந்தே ஆகணும். தைராய்டு, அட்ரீனல் சுரப்பிகளுக்கான சோதனைகளையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பெண்ணுறுப்பில் வறட்சிக்கு மாத்திரை மட்டும் எனக்குப் போதவில்லை. தனியாக ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போடுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.