ஓட்டு வீட்டுக்கு எந்த ஹீட்டர்? பிளக் சுடுகிறது, அறை சூடாகவில்லை

தளிக்காரன்:
வணக்கம். தளிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மங்களூர் ஓடு வேய்ந்த பழைய வீடு. அம்மாவின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அவருக்கு 74 வயது, மூட்டுவலி வேறு. மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலையில் விரலை மடக்க முடியவில்லை என்கிறார். அதனால் விசிறி வைத்து வெப்பக்காற்றை ஊதும் 2000 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கினேன். கால் மணி நேரத்தில் பிளக் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. நேற்றுக் கருகிய வாடையும் வந்தது. நிறுத்திய ஐந்தே நிமிடத்தில் பழைய குளிர் திரும்பிவிடுகிறது. மாலை ஏழு மணிக்கு வெறும் வெதுவெதுப்பு, அதிகாலை நான்கு மணிக்கு நல்ல சூடு; இது ஏன் என்றும் புரியவில்லை. கடைக்காரர் எண்ணெய் ஹீட்டர் வாங்கச் சொல்கிறார், கரண்ட் மிச்சமாம். விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. வாங்கலாமா?

மாந்தோப்பு:
கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஹீட்டரா! எங்கள் காவேரிப்பட்டணம் பக்கம் வாருங்கள், சித்திரை மாதத்தில் இலவசமாகவே தருகிறோம்.

தளிக்காரன்:
ஒரு இரவு எங்கள் திண்ணையில் படுத்துப் பாருங்கள் ஐயா, பிறகு பேசலாம்.

ஓசூர் வயர்மேன்:
தம்பி, எந்த ஹீட்டர் என்பது அப்புறம். இதை எந்த பாயிண்டில் சொருகுகிறீர்கள்?

தளிக்காரன்:
டிவி பாயிண்ட்தான் அண்ணா. ஹீட்டரின் பிளக் பெரியது, உள்ளே போகவில்லை. கடையில் ஒரு மாற்றுப் பிளக் கொடுத்தார்கள்.

ஓசூர் வயர்மேன்:
அதுதான் கோளாறு. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். டிவி பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. பெரிய பிளக் சிறிய துளைக்குள் போகாதபடி செய்திருப்பதே இதைத் தடுக்கத்தான். மாற்றுப் பிளக் அந்தக் காவலைக் கழற்றி வீசிவிடுகிறது. இன்றிரவு அதைப் போட வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வேண்டாம். பெரிய ஹீட்டர்தான் வேண்டுமென்றால் மீட்டர் பலகையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியாக இழுத்து, எர்த்தோடு 16 ஆம்பியர் சாக்கெட் வையுங்கள்.

மாலையில் சூடு குறைவது ஹீட்டரின் குற்றமில்லை. ஊரே விளக்குப் போடும் நேரம், வோல்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் 2000 வாட் ஹீட்டர் 1200 வாட் அளவுக்குத்தான் சூடு தரும்.

ராகிக்களி:
கடைக்காரர் சொன்ன கரண்ட் மிச்சத்தை நம்ப வேண்டாம். கம்பிச் சுருள் சூடாகி வேலை செய்யும் எந்த ஹீட்டரும் ஒரு யூனிட்டுக்கு ஒரே அளவு வெப்பம்தான் தரும். எண்ணெய் ஹீட்டர் மெதுவாகச் சூடேறும், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சூடாக இருக்கும், சத்தம் இல்லை. கதவு ஜன்னல் இறுக மூடும் மாடி வீட்டில் இரவெல்லாம் வைக்க அதைவிட நல்லது கிடையாது. என் தங்கை பெங்களூரில் அதைத்தான் வைத்திருக்கிறாள்.

உங்கள் வீட்டில் ஓட்டு இடுக்கில் வானம் தெரியுமே! சூடான காற்று மேலே ஏறும், அப்படியே வெளியே போய்விடும். காற்றைச் சூடாக்கும் எதை வாங்கினாலும் ஊதுவது காக்கைக்குத்தான். காற்றை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குங்கள். குவார்ட்ஸ் குழாய் இரண்டு வைத்த ஹீட்டர் 400, 800 என்று இரண்டு அளவில் வேலை செய்யும். வெயில் படுவதைப் போல நேராக உடம்பில் படும். 800 வாட்டுக்கு மூன்றரை ஆம்பியர்தான்.

தளிக்காரன்:
பில் எவ்வளவு ஏறும் அக்கா?

ராகிக்களி:
தினம் மூன்று மணி நேரம் என்றால் 2.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 144. பழைய ஹீட்டரானால் 360. படி ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் என்பதால் பில்லில் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், சாய்ந்தால் தானே அணையும் வசதியையும் பாருங்கள். தூங்கும்போது அணைத்துவிட்டு, போர்வைக்குள் வெந்நீர்ப் பை.

தளிக்காரன்:
இதற்கிடையில் அம்மா கரிச்சட்டியில் தணல் எடுத்து அறைக்குள் வைத்துக்கொள்கிறார். அந்தக் காலத்தில் எல்லாரும் வைத்தோம் என்கிறார்.

ஓசூர் வயர்மேன்:
உடனே வெளியே எடுங்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஓட்டு இடுக்கை நம்பாதீர்கள். குளிருக்குப் பயந்து அதில் சாக்கைத் திணித்திருப்பீர்களே!

தளிக்காரன்:
திணித்திருந்தோம்தான். சட்டி வாசலுக்குப் போய்விட்டது.

(நான்கு நாள் கழித்து) எலக்ட்ரீஷியன் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு பக்கம் கரியாகியிருந்தது. புதிது மாற்றியாயிற்று. குவார்ட்ஸ் ஹீட்டரும் வந்துவிட்டது. பிளக் சுடவில்லை. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு முழங்காலைக் காட்டிக்கொண்டு உட்காருகிறார். ஒரே சந்தேகம்: ஈரத்துண்டை அதன் தலையிலேயே காயப்போடுகிறார். பரவாயில்லையா?

ஓசூர் வயர்மேன்:
கூடவே கூடாது. துண்டு, போர்வை, கொசுவலை எல்லாம் ஒரு மீட்டர் தள்ளியே இருக்கட்டும். அம்மா கேட்கமாட்டார் என்றால் எதிரே கொஞ்சம் தள்ளி ஒரு கொடி கட்டிக் கொடுங்கள்.